தேங்காய்ப்பூ துண்டு போட்ட நாற்காலி

பேரையும் எழுதிக்கங்க சார். விருப்பம் இருந்தா எழுதலாம்னுதான போட்டிருக்கு, எனக்கு விருப்பம் இருக்கு. இன்னாசிமுத்து, கண்காணிப்பாளர், கட்டடத் தொழிலாளர் நலப் பிரிவு. மத்தவங்க பேரு எழுதாம டிக் மட்டும் அடிச்சுக் குடுத்திருப்பாங்க. நாளைக்கு எவனாவது கேட்டா அது நான் இல்லைன்னு சொல்லிக்கலாம்ல. எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. டீயைக் குடிங்க, ஆறிடும்.

உங்க பேப்பரைப் படிச்சேன். அரசு அலுவலகங்கள்ல ஊழியர்களோட செயல்திறனைப் பாதிக்கிற காரணிகள். நல்ல தலைப்புதான். வெளிச்சம் போதுமா, காத்து வருதா, மேலதிகாரி மதிக்கிறாரா, பாராட்டு கிடைக்குதா, எல்லாம் கேட்டிருக்கீங்க. காலேஜ்ல உக்காந்து யோசிச்சா இதெல்லாம்தான் தோணும், தப்பு சொல்லல. ஆனா நாற்காலியைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. இருக்கை வசதியாக உள்ளதா. வசதின்னா என்ன சார்? முதுகு வலிக்குதா இல்லையான்னா? நாற்காலி முதுகுக்காகவா போட்டிருக்கு?

எங்க ஆபீஸ்ல கண்காணிப்பாளர் நாற்காலின்னா கை வச்ச மர நாற்காலி. அதுமேல தேங்காய்ப்பூ துண்டு. வெள்ளைத் துண்டு. ரூல்ல எங்கயும் கிடையாது, ஆனா நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து அப்படித்தான். துண்டை ஆபீஸ்ல குடுக்க மாட்டாங்க, அவங்கவங்க வீட்டுல இருந்து கொண்டு வரணும். எனக்கு முந்தி இருந்த கோதண்டராமன் சார் ரிட்டயர் ஆன அன்னிக்கு, மாலை மரியாதை எல்லாம் முடிஞ்சப்புறம், துண்டை எடுத்து மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனாரு. அவர் லீவு போட்டாக்கூட அந்த நாற்காலில ஒருத்தன் உக்கார மாட்டான். டியூப் லைட் மாத்தணும்னா ஆபீஸ் உதவியாளர் வீரணன் பக்கத்து டேபிள் ஸ்டூலைத்தான் இழுத்துப் போட்டு ஏறுவான். ஏறணும்னா அந்த நாற்காலி பக்கத்துலயேதான் இருக்கு, ஆனாலும் ஏற மாட்டான்.

இதை ஏன் சொல்றேன்னா, அந்த நாற்காலிக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியணும். பதவி உயர்வுப் பட்டியல், பேனல்னு சொல்வோம், அதுல என் பேரு வந்துச்சு சார். வந்தவுடனே சீனியாரிட்டி கேஸ்னு ஒருத்தன் கோர்ட்டுக்குப் போயிட்டான். தடை. தடையை எடுத்தாங்க, இன்னொருத்தன் அப்பீல் போனான். மறுபடியும் தடை. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவனெல்லாம் வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போய் கண்காணிப்பாளர் ஆயிட்டான், நான் அசிஸ்டெண்ட்டாவே கெடந்தேன். என் மச்சினன் பேங்க்ல மேனேஜர். எந்தக் கல்யாண வீட்டுல பார்த்தாலும், இன்னும் அசிஸ்டெண்ட்தானா மாமான்னு கேப்பான். அதுவும் பந்தியில, எதிர் இலையில உக்காந்துக்கிட்டு, சத்தமா. நான் சாம்பாரை ஊத்தச் சொல்லிட்டுக் குனிஞ்சுக்குவேன்.

என் வீட்டுக்காரி சலேத்மேரி இருக்காளே, அவ மொதல் தடவை பேனல் வந்தப்பவே துண்டு வாங்கிட்டா. ஆர்டர் வரட்டும்டின்னேன், வரும்ல, வர்றப்ப கடைக்கு ஓடவா முடியும்னா. பீரோவுல சேலைக்கடியில வச்சா. வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு வீடு சுத்தம் பண்றப்ப வெளிய எடுப்பா, உதறுவா, புது அந்துருண்டை போட்டு மறுபடியும் உள்ள வைப்பா. ஒரு வார்த்தை பேச மாட்டா. நானும் பேச மாட்டேன். பேசாம இருக்கிறதுல எவ்வளவு வலி இருக்குன்னு உங்க கேள்வித்தாள்ல எங்கயாவது டிக் அடிக்க இடம் இருக்கா சார்?

கடைசியில ஆர்டர் வந்துச்சு. துண்டைப் போட்டேன், உக்காந்தேன். செக்‌ஷன் முழுக்க அந்துருண்டை வாசம். நம்ம இளநிலை உதவியாளர் ரபீக் தும்மிக்கிட்டே இருந்தான், எனக்கு அது சாம்பிராணி மாதிரி இருந்துச்சு. செக்‌ஷன் வேலை எப்படி ஓடுச்சு தெரியுமா? மனு வரும், உதவியாளர் பார்ப்பான், ஒரு பேப்பர் குறைஞ்சா 'குறைகளை நிவர்த்தி செய்து மீள அனுப்பவும்'னு எழுதி என்கிட்ட வைப்பான், நான் கையெழுத்துப் போடுவேன், தபால்ல போகும். என்ன குறைன்னு எழுதணும்னு அவசியம் இல்ல. காலங்காலமா அந்த ஒரு வரிதான். திரும்பி வந்தா மறுபடியும் பார்ப்போம். நிலுவை இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. நிலுவை இல்லாத ஆபீஸ் எங்க சார் இருக்கு? ஆனா ஒழுங்கு இருந்துச்சு. நான் உக்காந்திருந்தா ஹால்ல ஒரு சத்தம் இருக்காது.

அப்புறம்தான் தேன்மொழி மேடம் ஆபீசரா வந்தாங்க. நேரடி நியமனம், சின்ன வயசு. வந்ததும் ஹாலைச் சுத்திப் பார்த்தாங்க. தடுப்பை எல்லாம் எடுக்கச் சொன்னாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலச் சுழல் நாற்காலி. மர நாற்காலியை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிட்டாங்க. துண்டு கூடாதுன்னாங்க. நான் ரூமுக்குள்ள போய்க் கேட்டேன். உக்காருங்க சார்னாங்க, நான் உக்காரல.

"துண்டு எதுக்கு சார்?"

"மரியாதைக்கும்மா."

"யாருக்கு?"

"நாற்காலிக்கு."

"நாற்காலிக்கு எதுக்கு சார் மரியாதை? உக்கார்ற உங்களுக்குத்தான நாங்க குடுக்குறோம்."

நல்லாத்தான் பேசுனாங்க. தன்மையாத்தான் பேசுனாங்க. ஆனா நாற்காலி இல்லாம எனக்கு எவன் மரியாதை குடுப்பான்? படிச்சு முடிச்ச கையோட ஆபீசரா வந்து உக்காந்த பொண்ணுக்கு அது எப்படித் தெரியும். சங்கத்துல போய்ச் சொன்னேன். தலைவர் சிரிக்கிறார் சார். அகவிலைப்படிக்குப் போராடுவோமா, உன் துண்டுக்குப் போராடுவோமாங்கிறார். அப்பத்தான் முடிவு பண்ணினேன். எனக்கு நாற்காலியே வேண்டாம். நின்னுகிட்டே வேலை பார்க்கிறேன். என் நாற்காலியைக் குடுக்கிற வரைக்கும் எந்த நாற்காலியிலயும் உக்கார மாட்டேன். எழுதியே குடுத்துட்டேன்.

மேடம் அதைப் படிச்சிட்டு, சரிங்க சார், கால் வலிச்சா சொல்லுங்கன்னு மட்டும் சொன்னாங்க. திட்டவும் இல்ல, கெஞ்சவும் இல்ல. அது இன்னும் எரிச்சல்.

நிக்கணும்னா எழுத ஒரு இடம் வேணும்ல? டேபிள் எல்லாம் இடுப்புக்குக் கீழ. குனிஞ்சு எழுதினா முதுகு போயிடும். உயரமா இருக்கிறது ஹாலோட முன்னாடி, மனு வாங்குற கவுண்டர் பலகைதான். சரின்னு என் பைலை எல்லாம் அங்க தூக்கிட்டுப் போனேன். அங்க போனா என்ன தொல்லைன்னா, ஜனம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்னா இந்தப் பக்கம் வந்து கேப்பாங்களா மாட்டாங்களா? மொத நாளே ஒரு கொத்தனார், அண்ணே விசாரணை இங்கதானான்னு கேட்டான். நான் கண்காணிப்பாளர்யான்னேன். சரிண்ணே, என் மனு என்ன ஆச்சுன்னு பாருங்கண்ணேங்கிறான். அவனை விரட்டணும்னா பதில் சொல்லியாகணும். சொன்னேன். போயிட்டான். பின்னாடியே இன்னொருத்தன்.

அப்படித்தான் அழகுத்தாய்னு ஒரு பொம்பளை வந்துச்சு. சித்தாள் வேலை. புருசன் சாரத்துல இருந்து விழுந்து செத்துட்டான். விபத்து உதவிக்கு மனு போட்டு, எங்க ஆபீஸ்ல இருந்து திருப்பித் திருப்பி அனுப்பிருக்கு. அந்தத் தபாலை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு கவுண்டர்ல தட்டுச்சு. தட்டுச்சுன்னா நெசமாவே தட்டுச்சு சார், என் பேனா கீழ விழுந்திருச்சு.

"குறைன்னு எழுதிருக்கே, என்னண்ணே குறை? புருசன் செத்தது பத்தாதாண்ணே?"

எனக்கு யாரும் அப்படிப் பேசிப் பழக்கம் இல்ல. நான் உள்ள உக்காந்திருந்தா அது பேசிருக்காது, வீரணன் வாசல்லயே நிறுத்தியிருப்பான். எனக்கு வேற கால் கடுகடுன்னு வலிக்குது. சட்டுன்னு அனுப்பிடலாம்னு பைலை எடுக்கச் சொன்னேன். பார்த்தா, வேலை பார்த்ததுக்கான சான்றுல மேஸ்திரி கையெழுத்து இருக்கு, தேதி இல்ல. அம்புட்டுதான். அந்தம்மா கையில செல்போன் இருக்கு, மேஸ்திரி நம்பர் இருக்கு. நானே பேசினேன். பக்கத்துலதான் கட்டடம், சிமெண்டு கையோட வந்து தேதியைப் போட்டுட்டுப் போனான். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி பைல் மேடம் ரூமுக்குப் போயிருச்சு. ரபீக் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். என்னடான்னேன். ஒண்ணுமில்ல சார்னான்.

நான் என்னமோ சேவை செஞ்சேன்னு நெனைக்காதீங்க. கால் வலி. ஆள் குறைஞ்சா கொஞ்சம் கவுண்டர்ல சாயலாம்ல, அதுக்குத்தான். அதே காரணத்துக்குத்தான் ரபீக்கிட்டயும், இனிமே குறைன்னு மட்டும் எழுதாதடா, என்ன குறைன்னு எழுதித் தொலைடான்னு சொன்னேன். எழுதினா அவங்க என்கிட்ட வந்து நிக்க மாட்டாங்க பாருங்க. எல்லாம் என் வசதிக்காகச் செஞ்சதுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா சலேத்மேரி தைலம் போட்டுக் காலைத் தேய்ப்பா. உக்காந்துதான் தொலைங்களேன்னு சொல்வா. முடியாதுன்னுருவேன். துண்டை மறுபடியும் பீரோவுல வச்சிருந்தா சார். அதைப் பார்த்துட்டு நான் எப்படி அந்த நீல நாற்காலில உக்கார்றது?

இதுக்கு நடுவுல என்ன ஆச்சு, நிலுவை குறைஞ்சிருச்சு. எங்க செக்‌ஷன்ல மட்டும். ஆய்வுக் கூட்டத்துல பெரிய அதிகாரி கேட்டாராம், எப்படின்னு. தேன்மொழி மேடம் எந்திரிச்சு, எங்க கண்காணிப்பாளர் இன்னாசிமுத்து சார் நேரா கவுண்டர்ல நின்னு மனுவைப் பார்க்கிறார், அதான் காரணம்னு சொல்லிட்டாங்க. என் போராட்டத்தைப் போய்த் திட்டமா ஆக்கிட்டாங்க சார். அடுத்த வாரமே சுற்றறிக்கை. எல்லாக் கண்காணிப்பாளர்களும் காலையில கவுண்டர்ல நின்னு மனு வாங்கணும். மத்த ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி என்னைத் திட்டுறானுக. யோவ், உனக்கு மூலம்னா நாங்களுமா நிக்கணும்னு ஒருத்தன் கேக்குறான். எனக்கு மூலம் எல்லாம் கிடையாது, இதையும் எழுதிக்கங்க.

நிலுவை ஏன் குறைஞ்சதுன்னு நான் சொல்றேன் கேளுங்க. என் ரோஷம் சார். ஒரு மனுசனுக்கு உரிய நாற்காலியைப் பிடுங்கினா அவன் வெறி பிடிச்ச மாதிரி வேலை பார்ப்பான். அதை நான் நின்னதாலங்கிறாங்க. கவுண்டராலங்கிறாங்க. ஜனத்தோட நேரா பேசுனதாலயாம். பேசுனா வேலை முடியும்னா ஊர்ல எல்லா வேலையும் எப்பவோ முடிஞ்சிருக்கணுமே.

சரி, அப்புறம் மேடத்துக்கு மாறுதல் வந்துச்சு. போறப்ப என்கிட்ட வந்து கும்பிட்டுட்டுப் போனாங்க. நான் நின்னுக்கிட்டிருந்ததால நானும் கும்பிட்டேன், வேற ஒண்ணுமில்ல. புதுசா வந்தவர் வயசானவர், பழைய ஆள், முறை தெரிஞ்சவர். அந்தச் சுற்றறிக்கையை எல்லாம் அவர் கண்டுக்கல. வந்த அன்னிக்கே, கண்காணிப்பாளர் ஏன்யா வாட்ச்மேன் மாதிரி வாசல்ல நிக்கிறாருன்னு கேட்டார். ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொல்லி என் நாற்காலியை எடுத்துட்டு வந்து போட்டாங்க. வீரணன் ஈரத்துணி வச்சுத் துடைச்சான். மறுநாள் துண்டைக் கொண்டு போனேன். சலேத்மேரி வாசல் வரைக்கும் வந்து நின்னு பார்த்தா. நான் ஜெயிச்சுட்டேன் சார். யாரு என்ன சொன்னாலும் நான்தான் ஜெயிச்சேன். ஒத்த ஆளா.

உக்காந்தேன். மொத நாள் நல்லா இருந்துச்சு. ரெண்டாவது நாளும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் என்னமோ சத்தமே இல்லாம இருந்த மாதிரி இருந்துச்சு. கவுண்டர்ல ரபீக் நிக்கிறான், ஜனம் அவன்கிட்டப் பேசுது, எனக்கு ஒண்ணும் கேக்கல. எவனோ கொத்தனார் எதையோ சொல்லிச் சிரிக்கிறான், என்னன்னு தெரியல. நிலுவையும் கொஞ்சம் ஏறுச்சு. அது சர்வர் கோளாறு, அதை என் தலையில கட்டக் கூடாது.

ஒருநாள் காலையில அழகுத்தாய் வந்துச்சு. மகளை நர்சிங் சேர்த்திருக்கு, படிப்பு உதவிக்கு மனு. ஹால் வாசல்ல நிக்குது. செருப்பை வெளிய விட்டுட்டு, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு நிக்குது. எங்க ஆபீஸ்ல யாரும் செருப்பைக் கழட்ட மாட்டாங்க சார், அது கோயில் இல்லையே. நான் பார்த்துட்டு, என்ன அழகுத்தாய், உள்ள வான்னு கூப்பிட்டேன். வருது, ஆனா தூரத்துலயே நின்னுருச்சு. ஐயா, பாப்பா படிப்பு விசயமாங்குது.

அண்ணேன்னு கூப்பிடுவியே, இன்னிக்கு என்ன ஐயான்னேன்.

"அன்னிக்கு நீங்க நின்னுக்கிட்டிருந்தீங்க. நம்மள மாதிரி நின்னு வேலை பாக்குற ஆளுன்னு நெனச்சுப் பேசிட்டேங்கய்யா. இம்புட்டுப் பெரிய ஆளுன்னு தெரியாது. தப்பா எதுவும் பேசிருந்தா மனசுல வச்சுக்காதீங்க."

யோசிச்சுப் பாருங்க சார். இதுக்குத்தான இத்தனை வருசம் காத்திருந்தேன்? ஒருத்தர் வந்து தூர நின்னு, கையைக் கட்டி, ஐயான்னு சொல்லணும்னுதான? எனக்குக் குளுந்து போயிருக்கணும்ல? இல்ல சார். பொய் சொல்ல மாட்டேன், அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு. கவுண்டர்ல என் பேனாவைத் தட்டிவிட்ட பொம்பளை சார் அது. அது இப்ப என்கிட்ட மன்னிப்பு கேக்குது. எதுக்கு? நான் உக்காந்திருக்கேன்னா?

எனக்குக் கால் மரத்துப் போச்சு. ரொம்ப நேரம் உக்காந்தா அப்படி ஆகும், பழக்கம் விட்டுப்போச்சுல. அதான் எந்திரிச்சேன். எந்திரிச்சதுதான் எந்திரிச்சோம்னு கவுண்டருக்குப் போனேன். ரபீக்கைத் தள்ளிப் போடான்னேன். அவன் என்னமோ எதிர்பார்த்தவன் மாதிரி உடனே நகந்துக்கிட்டான், சிரிப்பை வேற அடக்குறான், கழுதை. இந்தா அழகுத்தாய், பேப்பரைக் குடு, காலேஜ்ல சேர்ந்த ரசீது எங்கன்னேன். அது கவருக்குள்ள கையை விட்டுத் துழாவிக்கிட்டே, இருக்குண்ணே, வச்சேன், செத்த பொறுண்ணேன்னுச்சு.

அன்னியில இருந்து அங்கதான் நிக்கிறேன். காலுக்கு நல்லதுன்னு ஒரு டாக்டர்கூட சொன்னாரு. டாக்டர்னா, மருந்துக்கடைக்காரர்தான், ஆனா அனுபவஸ்தர்.

புது ஆபீசருக்கு இது பிடிக்கல. கூப்பிட்டுச் சொன்னாரு. உமக்காகத்தானய்யா ஸ்டோர் ரூமைத் திறந்தேன், உக்காரும்யான்னாரு. சரிங்கய்யான்னுட்டு கவுண்டருக்குப் போயிட்டேன். மறுபடியும் சொன்னாரு. மறுபடியும் சரிங்கய்யா. நேத்து மெமோ குடுத்துட்டாரு. அலுவலக நேரத்தில் தங்கள் இருக்கையில் இல்லாதது குறித்து விளக்கம் அளிக்கவும். ரிட்டயர் ஆகப் போற வயசுல மெமோ. பென்சன் பைல் போற நேரத்துல இப்படி ஒண்ணு ஏறுனா என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும். ரபீக் பயந்துட்டான். சார், ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு உக்காந்துருங்க சார், எங்களுக்காகன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். சலேத்மேரி ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டை வச்சுட்டு, மெமோன்னா என்ன பண்ணுவாங்கன்னு மட்டும் கேட்டா. ஒண்ணும் பண்ண முடியாதுன்னேன். பண்ணலாம், தெரியும்.

விளக்கம் எழுதிட்டேன். சட்டைப் பையில இருக்கு, இப்ப போய்க் குடுக்கப் போறேன். மன்னிப்புங்கிற வார்த்தையே அதுல கிடையாது. வேற நாற்காலில உக்காருன்னு ஒரு ஆபீசர் சொன்னாங்க, நான் உக்காரல. இந்த நாற்காலில உக்காருன்னு இன்னொருத்தர் சொல்றாரு, நான் உக்காரல. என்னை உக்கார வைக்கிற ஆர்டர் எந்த ஆபீஸ்லயும் இன்னும் டைப் அடிக்கல. அந்த மனுசனுக்குப் புரியாதது ஒண்ணுதான் சார். நான் உக்காரலைங்கிறதால அது என் நாற்காலி இல்லைன்னு ஆயிடாது.

உங்க பேப்பர்ல எந்தக் கட்டத்துல இதை எழுதுவீங்களோ தெரியாது. இடம் இல்லைன்னா ஓரத்துல எழுதுங்க. கிளம்புறேன், இந்நேரம் கவுண்டர்ல கூட்டம் சேர்ந்திருக்கும், ரபீக் ஒத்தையாச் சமாளிக்க மாட்டான். டீக்குக் குடுத்துட்டேன், நீங்க குடுக்காதீங்க. உள்ள போனா நாற்காலியைப் பார்ப்பீங்க, வெள்ளைத் துண்டு, சலேத்மேரி வாராவாரம் துவைச்சுக் குடுக்குறா. நாள் முழுக்கக் காலியாத்தான் கெடக்கும். கெடக்கட்டும். அதுல வேற எவனாவது உக்காந்தான்னா மட்டும் நான் சும்மா இருக்க மாட்டேன்.